காசிநாதன் கட்டிய வேப்பிலை

கள்ளக்குறிச்சியில் காசிநாதனைப் பற்றிக் கேட்டால், "யாரு, அந்த அம்பாசிடர்காரரா?" என்பார்கள். அதற்கு மேல் சொல்ல யாரிடமும் ஒன்றும் இருக்காது. ஐம்பதைத் தாண்டிய மனிதர். ஊரில் பாதிப் பேரின் கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் வண்டி ஓட்டியவர். ஆனாலும் ஊருக்கு அவரைவிட அவருடைய வண்டியைத்தான் நன்றாகத் தெரியும். குற்றம் ஊர்மேல் இல்லை. வண்டியில் ஏறினால் "எங்க?" என்பார், இறங்கும்போது "பாத்து" என்பார். திருக்கோவிலூர் வரை போனாலும் மூன்றாவது வார்த்தை கிடையாது. மனைவி விஜயலட்சுமி இருந்தவரை இவர் பேச்சையும் சேர்த்து அவளே பேசினாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவளும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் சத்தம் என்று இருந்தது கார் எஞ்சின் ஒன்றுதான்.

கூடப் பிறந்தவள் ஒருத்தி உண்டு, பெரியநாயகி. கச்சிராயபாளையத்தில் கரும்பு வைக்கும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அண்ணன் தங்கைக்குள் பேச்சு நின்று வருஷக்கணக்காகியிருந்தது. அவள் மகள் கலையரசி பெரியவளானபோது பச்சை ஓலையில் குடிசை கட்டி உள்ளே உட்கார வைக்க வேண்டியவர் தாய்மாமன். தாய்மாமனோ அன்று காலையிலும் ஒரு சவாரியை ஒப்புக்கொண்டு போனார். வரும் வழியில் வண்டி மக்கர் செய்தது. ஒரு வழியாக வீட்டுக்கு வந்து, விஜயலட்சுமியையும் சீர்த்தட்டுகளையும் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தால் அங்கே குடிசை எழும்பியிருந்தது. நல்ல நேரம் தவறிவிடும் என்று பெரியவர்கள் அவசரப்படுத்த, பெரியநாயகிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறையான சின்னதுரை கட்டிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது.

காசிநாதன் வண்டியைவிட்டு இறங்கவே இல்லை. கண்ணாடி வழியே பார்த்தார், கியரைப் போட்டார், திருப்பிவிட்டார். பின் சீட்டில் மடியில் தட்டுகளோடு விஜயலட்சுமி வழி முழுக்க அழுதாள். நாலு வார்த்தை கத்தியிருந்தால் அன்று சாயங்காலமே விஷயம் தீர்ந்திருக்கும். கத்தத் தெரியாத மனிதர்களின் கோபம்தான் கடைசிவரை ஊறுகாய் மாதிரி கெடாமல் இருக்கிறது.

பிறகு விஜயலட்சுமியின் சாவுக்குப் பெரியநாயகி வந்தாள், கட்டிக்கொண்டு அழுதாள், போய்விட்டாள். கெட்டதுக்குக் கூப்பிடாமல் போக வேண்டும், நல்லதுக்குக் கூப்பிட்டால்தான் போக வேண்டும் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். அவர்களுக்கு இடையில் அதற்குப் பிறகு நல்லது எதுவும் வரவில்லை.

எண்பத்தேழாம் வருஷம் ஆவணியில் அது வந்தது. கரும்பு லாரி ஓட்டும் வீரமணி டீக்கடையில் சொன்னான்.

"கலையரசிக்கு ஐப்பசியில கல்யாணம்ணா. மொத பத்திரிகை கொலசாமிக்கு, அடுத்தது எங்க அண்ணனுக்குன்னு உங்க தங்கச்சி சொல்லிக்கினு இருக்காங்க. பொண்ணழைப்புக்கு மாமன் வண்டிலதான் போவேன்னு அந்தப் பொண்ணு ஒத்தக் கால்ல நிக்குது."

"அப்படியா" என்றார் காசிநாதன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சாம்பல் பூத்த நீலம். கதவுகளின் அடியில் துரு. இடது பக்க மட்கார்டில் சொட்டை, டிக்கியில் இன்னொன்று. இத்தனை நாள் கண்ணில் படாதது எல்லாம் அன்று கண்ணைக் குத்தியது. பத்திரிகையோடு தங்கை வரும்போது வண்டி தயாராக நிற்க வேண்டும், மருமகளைப் புது நிறத்தில் அழைத்துப் போக வேண்டும். அவருக்கு வேறு ஆசை எதுவும் அந்த வருஷத்தில் இல்லை.

சின்னசேலத்தில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஷெட் வைத்திருந்தவர் தீனதயாளன். அவர் கையைத் தலைமேல் வைத்துக்கொண்டார்.

"தீவாளி வரைக்கும் வேல ரொம்பி கெடக்குதுணா. ஸ்ப்ரே அடிக்கறது ஒரு நாள் வேலதான். தேய்க்கறதுதான் நாளத் தின்னும். நீ வூட்லயே சொட்ட எடுத்து, தேய்ச்சி, லப்பம் பாத்து, பிரைமர் அடிச்சிக் கொண்டாந்துட்டா நடுவுல நொழச்சி அடிச்சித் தரேன். ஒண்ணு மட்டும். தேய்ச்ச எடத்துல ஒருத்தன் கையும் படக்கூடாது. வேர்வ பட்டுச்சின்னா அப்ப தெரியாது, மேல பெயிண்ட் ஏறனப்பறம் அம்ம போட்ட மாதிரி கொப்புளம் கொப்புளமா எழும்பும்."

காசிநாதன் தலையை ஆட்டிவிட்டு வந்து பம்பரைக் கழற்றினார்.

அது சாமானிய வேலை இல்லை. பம்பர், கிரில், விளக்கு வளையம், கைப்பிடி, கண்ணாடி ஓரத்து ரப்பர் என்று எல்லாவற்றையும் பிரித்துச் சாக்கின்மேல் வரிசையாக வைத்தார். சொட்டைக்கு உள்பக்கம் இரும்புக் கட்டியைக் கொடுத்து, வெளியே மரச் சுத்தியால் தட்டித் தட்டித் தகட்டை அதன் இடத்துக்குக் கொண்டுவந்தார். துருவைக் கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று வெள்ளைத் தகடு தெரியும்வரை சுரண்டினார். பிறகு வாட்டர் பேப்பர். தேய்ந்த ரப்பர் செருப்பை வெட்டி, அதன்மேல் பேப்பரைச் சுற்றி, சோப்புத் தண்ணீரில் முக்கி முக்கித் தேய்க்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழும், செருப்புத் துண்டு இருந்தால் சமமாகப் போகும். நீலத் தண்ணீர் வழிந்து வாசல் முழுக்க ஓடியது. பள்ளம் உள்ள இடத்தில் லப்பப் பசையைத் தகட்டால் மெல்லிசாக இழுத்து, காயவிட்டு, மறுபடி தேய்த்து, மறுபடி இழுத்தார். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடித் தடவிப் பார்த்தால் மேடு பள்ளம் தெரிந்துவிடும். மேற்கே கல்வராயன் மலையில் மேகம் கூடினால் ஓடிப்போய்த் தார்ப்பாய் எடுத்து மூடினார். வெறும் தகட்டில் நாலு சொட்டு விழுந்தால் மறுநாள் காலையில் துரு சிரிக்கும்.

வேலை ஓடியது. ஆனால் ஊர் சும்மா இருக்குமா? இத்தனை நாள் எட்டிப் பார்க்காத தெரு, கார் பிரிந்து கிடக்கிறது என்றதும் உள்ளே வந்துவிட்டது. "இன்னாண்ணா, விக்கப் போறியா?" என்று ஒருவர் பானெட்டில் கையூன்றுவார். இன்னொருவர் லப்பத்தை நகத்தால் கீறிப் பார்த்து, "சுண்ணாம்பா இது?" என்பார். ஒரு ஆடு புதிதாகத் தேய்த்த கதவில் முதுகைச் சொறிந்துவிட்டுப் போனது. பாதி நாள் தேய்ப்பதும் மீதி நாள் கைத்தடம் துடைப்பதுமாகப் போனது. போதாக்குறைக்குப் புரட்டாசி பிறக்கப்போகும் நேரம் அது. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று சுவர் முழுக்க எழுதியிருந்தார்கள்.

ஒரு காலையில் மறியல்காரர்கள் வந்தார்கள். தெரிந்த முகங்கள்தான், மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

"ரோட்ல குந்தறவங்களுக்கு சோறு கொண்டு போவணும்ணா. ஒரு வண்டி இருந்தா தேவல."

"பிரிச்சிக் கெடக்குதுப்பா."

"பம்பர் இல்லாட்டி இன்னாணா, சக்கரம் இருக்குதுல்ல. வர்றோம், ரெண்டு நாள் கழிச்சி."

மத்தியானம் ஒரு போலீஸ்காரர் வந்தார். மறியல் சமயத்தில் ஸ்டேஷனுக்கு ஒரு வண்டி கைவசம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, பிரித்துக் கிடந்த வண்டியின் கூரையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. மறியல்காரர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது என்றுதான் காசிநாதனும் நினைத்தார். ஆனால் அந்த வாரத்தில் வெளியே போன எந்த வண்டியும் போனபடியே திரும்பும் என்று யார் சொல்ல முடியும்?

கூரையில் படிந்த போலீஸ்காரரின் கைத்தடத்தைத் துடைக்கும்போதுதான் தீனதயாளன் சொன்ன அம்மை அவர் ஞாபகத்துக்கு வந்தது. துணியைப் போட்டுவிட்டுப் போய்க் கொல்லையில் இருந்த வேப்ப மரத்தில் நாலு கொத்து ஒடித்தார். தகரக் கேட்டை இழுத்துச் சாத்தி, வெளிப்பக்கம் தெருவே பார்க்கும்படி கட்டினார். ஒரு சட்டியில் மஞ்சள் தண்ணீரும் கரைத்து வாசல் கல் பக்கத்தில் வைத்தார்.

விளக்கம் வேண்டுமா? வேப்பிலை கட்டிய வீட்டில் ஆத்தா வந்திருக்கிறாள், அதாவது அம்மை போட்டிருக்கிறது. அந்த வாசலை வெளியாள் மிதிக்க மாட்டான். பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டான். காவல் நிலையமே ஆனாலும் ஒரு தடவை யோசிக்கும். பூட்டுப் போட்டால் உடைப்பார்கள், வேப்பிலையை யாரும் அவிழ்க்க மாட்டார்கள். மனிதர் பேசமாட்டாரே தவிர, மூளை இல்லாதவர் இல்லை.

ஒரு குழியைத் தாண்டினார், அடுத்த குழி காத்திருந்தது. எதிர்வீட்டு ராஜாம்பாள் பதறிப்போய்த் தினமும் கேழ்வரகுக் கூழும் இளநீரும் கொண்டுவந்து கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள். அம்மை வீட்டில் தாளிக்கக் கூடாது. வெங்காயம் வதக்கினால் வாசனை தெருவைத் தாண்டும், குட்டு உடையும். ஆகவே திடகாத்திரமான காசிநாதன் பொய்க்குப் பத்தியம் இருந்தார். ஆத்தாவின் பெயரில் விளையாடுகிறோமே என்று உள்ளே ஒரு பயமும் இருந்தது. கூழைக் குடிக்கும்போது மலைப்பக்கம் பார்த்து, "கல்யாணம் முடியட்டும் தாயே, பொங்க வெக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டார்.

மறியல் தொடங்கியது. சேலம் சாலையிலும் கச்சிராயபாளையம் சாலையிலும் புளியமரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டு போனார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, ஹார்ன் சத்தம் இல்லை. ஊர் வாயைப் பொத்திக்கொண்டதுபோல் கிடந்தது. அந்த அமைதியில் காசிநாதன் தகரக் கேட்டுக்குப் பின்னால் தன்னந்தனியாகத் தேய்த்துக்கொண்டே இருந்தார். முதலில் அது சுகமாகத்தான் இருந்தது. தேய்க்கத் தேய்க்க மட்கார்டு அவருடைய சொல் கேட்டது. ஆனால் காது மட்டும் வாசலில் இருந்தது. விஜயலட்சுமி போன பிறகு இன்னொரு மனிதரின் காலடிக்காக அவர் காத்திருந்தது இப்போதுதான். தங்கை வந்தால் உட்காரப் பாயை உதறி வைத்தார். அவளைப் பார்த்ததும் என்ன சொல்வது என்று யோசித்தார். "வா" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. "வா"வே போதும், மிச்சத்தை அவள் பேசிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டார். ரோடு இப்படிக் கிடக்கும்போது எப்படி வருவாள், திறந்ததும் வருவாள் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

தானே கட்டிய வேப்பிலையை அவர் மறந்துபோனார் என்றால் நம்புவீர்களா? வாசலுக்கு உள்ளே இருந்து பார்த்தால் அது தெரியாது. அது ஊரைத் தடுக்கக் கட்டியது. தங்கையையும் சேர்த்துத் தடுக்கும் என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. தங்கை ஊரில் சேர்த்தியா என்ன?

மறியலின் நடுவில் ஒரு நாள் வெயில் ஏறும் நேரம். டிக்கிப் பக்கம் குந்தித் தேய்த்துக்கொண்டிருந்தவர் கேட்டருகே காலடிகள் வந்து நின்றதைக் கேட்டார். இரண்டு மூன்று பேர். தாழ்ந்த குரலில் ஏதோ முணுமுணுப்பு. வண்டி கேட்க வந்துவிட்டார்கள் என்று, பேப்பரைப் பிடித்த கையை அப்படியே நிறுத்தி, மூச்சை அடக்கி, வண்டிக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டார். விரலிலிருந்து சோப்புத் தண்ணீர் சொட்டியது. கொஞ்ச நேரம் கழித்துக் காலடிகள் போய்விட்டன. வேப்பிலை வேலை செய்கிறது என்று காசிநாதன் தனக்குள் சிரித்துக்கொண்டு மீண்டும் தேய்த்தார்.

வாரம் முடிந்தது. மரங்களை ஓரம் தள்ளினார்கள், பஸ் ஓடத் தொடங்கியது. காசிநாதன் பிரைமர் அடித்து முடித்திருந்தார். தங்கை வரவில்லை. நாலு நாள் பார்த்தார். மனசில் பழைய ஊறுகாய் ஜாடி மெல்லத் திறந்தது. சரி, வாய்ப் பேச்சுக்குச் சொல்லியிருப்பார்கள், கூப்பிட மனசில்லை என்று நினைத்தார். இருந்தாலும் தீனதயாளனிடம் சொன்ன சொல் இருக்கிறதே, வண்டியைக் கொண்டுபோய் விடுவோம் என்று கேட்டைத் திறந்து வேப்பிலையை அவிழ்த்தார். எதிர்வீட்டிலிருந்து ராஜாம்பாள் வந்தாள்.

"எறங்கிட்டாளா தம்பி?"

"எறங்கிட்டாக்கா."

"நல்லதாப் போச்சு. இனிமே சொல்லலாம். உன் தங்கச்சி வந்துச்சுப்பா."

காசிநாதன் கையில் வேப்பிலையோடு நின்றார்.

"மரம் வெட்டிப் போட்டுக் கெடந்துச்சே, அப்ப. பஸ்ஸு இல்லன்னு வாய்க்கா கரமேலயே நடந்து வந்துக்குறாங்க, அதுவும் அதும் புருசனும் அந்தப் பொண்ணும். மாமனுக்கு வெக்காம ஒறமொறைக்கு வெக்கக்கூடாதுன்னு தாம்பாளத்தத் தூக்கிக்கினு. வேப்பிலையப் பாத்துட்டு அப்படியே நின்னுடுச்சி. கல்யாணத்த வெச்சிக்கினு உள்ள போவாதம்மா, கூப்டவும் கூப்டாதன்னு நான்தான் சொன்னேன். சத்தம் இல்லாம அழுதுச்சு. கற்பூரம் ஏத்தி, எங்க அண்ணன காப்பாத்துன்னு கும்பிட்டுட்டுப் போச்சி. மாமன் மொறைக்கு அந்தச் சின்னதுரையதான் நிக்க வெக்கணும்னு அதும் புருசன் சொல்லிக்கினே போனாரு."

வாசல் கல்லில் கற்பூரம் எரிந்த கறை இருந்தது.

காசிநாதன் வேப்பிலையைப் போட்டுவிட்டு வண்டியில் ஏறினார். பம்பர் இல்லாத, கைப்பிடி இல்லாத, சாம்பல் பிரைமர் பூசிய வண்டி நேராகக் கச்சிராயபாளையம் சாலையில் போனது. அம்மையும் இல்லை ஒன்றும் இல்லை, பொய்யாகக் கட்டினேன் என்று தங்கை காலில் விழுந்தாவது சொல்லிவிட வேண்டும். வெட்டிய மரங்கள் இரண்டு பக்கமும் கிடந்தன, இலை வாடியிருந்தது. இந்த மரங்களைச் சுற்றிக்கொண்டுதானே நடந்து வந்திருப்பாள் என்று நினைத்ததும் அவருக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. கோமுகி வாய்க்கால் பாலத்தருகே வண்டியை நிறுத்தினார்.

சொல்லலாம். சொன்னால் பெரியநாயகி மன்னிப்பாள். ஆனால் அது அவளோடு நிற்காது. ஆத்தா பெயரில் பொய் வேப்பிலை கட்டிய வாசலில் கல்யாணப் பெண் கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறாள். நாளைக்கு அவளுக்கு ஒரு தலைவலி வந்தாலும், ஒரு பிள்ளை தங்காமல் போனாலும், மாமன் பண்ண பொய் என்று சொல்ல நாலு வாய் இருக்கும். அந்தப் பெண்ணும் அதை நம்பிவிடும். கட்டிய வேப்பிலைக்கு அம்மை வந்துதான் ஆக வேண்டும், அம்மை கண்டவன் கல்யாணத்துக்குப் போகவும் கூடாது. வேறு வழி இல்லை.

பாலத்தின்மேல் வண்டியைத் திருப்பினார். முன்பு ஒரு தடவையும் இதே சாலையில் திருப்பியிருக்கிறார். அன்று கோபம் துணைக்கு இருந்தது, இன்று அதுவும் இல்லை. வாய்விட்டு அழுதுகொண்டேதான் ஓட்டினார்.

கழற்றி வைத்த சாமான்களையும் ஏற்றிக்கொண்டு போய் வண்டியைத் தீனதயாளன் ஷெட்டில் விட்டார். வீரமணியைப் பார்த்துச் சொன்னார்:

"பெயிண்ட் ஆனதும் ஷெட்லேர்ந்து நேரா கல்யாண வூட்டுக்கு நீ ஓட்டிக்கினு போ. என் வாசலுக்கு வராத. அம்ம வூட்டு வண்டி இல்ல, ஷெட்டுலேர்ந்து வர்ற வண்டின்னு சொல்லு. நான் இன்னும் தலைக்குத் தண்ணி ஊத்தல, வர்றதுக்கில்லன்னு சொல்லு."

இவ்வளவு நீளமாக அவர் பேசி வீரமணி கேட்டதில்லை.

கல்யாணத்தன்று காசிநாதன் வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தண்ணீரை வெயிலில் வைத்து, தானே தன் தலையில் ஊற்றிக்கொண்டார். வராத அம்மைக்கு முறைப்படி மூன்றாவதும் கடைசியுமான தண்ணீர். பிறகு அடுப்பைப் பற்றவைத்துக் கடுகு தாளித்தார். வாசனை வீடு முழுக்க நிறைந்தது. வாசலில் பாய் உதறி விரித்தபடியே கிடந்தது. தாலி ஏறியிருக்கும் என்று தோன்றிய நேரத்தில் எழுந்து நின்று, தங்கை ஊர் இருக்கும் மேற்குப் பக்கம் பார்த்துக் கையில் இருந்த அட்சதையை வெறும் வாசலில் போட்டார்.

மறுநாள் மாலையில் வீரமணி வண்டியைக் கொண்டுவந்தான். சந்தன நிறம். ஒரு கொப்புளம் இல்லை, ஒரு மேடு பள்ளம் இல்லை. மாலை கட்டிய கயிறு இன்னும் கூரையில் இருந்தது.

"பின்னாடி ஏழு பேரு நெருக்கிக்கினு ஒக்காந்தாங்கணா" என்றான் வீரமணி. "முன் சீட்ல ஒருத்தரையும் வுடல அந்தப் பொண்ணு. சின்னதுரை வந்து கதவத் தெறந்தாரு. அது எங்க மாமன் எடம், நீங்க பின்னாடி வாங்கன்னுடுச்சு. எடுக்கக்கூடாது, மாமன்தான் எடுக்கணும்னு இன்னாவோ வெச்சிக்குது பாருங்க."

அவன் போன பிறகு காசிநாதன் இடது பக்கக் கதவைத் திறந்தார். சீட்டில் தாம்பாளம் இருந்தது. வெற்றிலை வாடியிருந்தது. அதன்மேல் மூலைக்கு மூலை மஞ்சள் தடவிய பத்திரிகை, பக்கத்தில் ஒரு புது வேட்டி. அவர் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் தன் வண்டியில் அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்ததில்லை. யாருமில்லாத ஸ்டியரிங்கைப் பார்த்தபடி, இருட்டும்வரை அங்கேயே இருந்தார்.